அவர் அடித்த சொல்

அவர் குடவாசல் கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். முன்கையெல்லாம் தீப்பொறி சுட்ட தழும்பு. யாரோடு பேசினாலும் கண் வானத்தில்தான் இருக்கும். எங்கள் புறாப் பந்தயக் கிளப்பில் அவரும் உண்டு. அப்போது நான்தான் நோட்டு எழுதுகிறவன்.

மூன்று பந்தயம் ஜெயித்த அவருடைய சாம்பல் பெட்டையை நெல்லூரில் பறக்கவிட்டோம். மற்ற புறாக்கள் வந்துவிட்டன. அது மட்டும் நாலு நாளாகியும் வரவில்லை. அதன் கால்வளைய எண்ணுக்கு நேரே ‘தொலைந்தது’ என்று எழுதினேன்.

“யாரு சொன்னா உங்ககிட்ட?” பேனாவைப் பிடுங்கி அந்தச் சொல்லை அடித்தார். மேலே கோணல் எழுத்தில் ‘பறக்குது’ என்று எழுதினார்.

“ஜெயிச்ச புறா. குஞ்சு எடுக்க வீட்டோட வச்சிருக்கலாமேங்க” என்றேன்.

“பூட்டி வச்சா அது கோழிங்க. அடுத்த பந்தயத்துக்கு அதோட ஜோடியை எழுதுங்க. அதுவும் ஜெயிச்சதுதான்.”

பெட்டை வரவே இல்லை.

அடுத்த வருஷம் நான் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போய்விட்டேன். லீவில் வந்தபோது கிளப் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எனக்குப் பிறகு நோட்டு எழுத வந்தவர் என் பெயருக்கு நேரே ‘விலகினார்’ என்று போட்டிருந்தார். அந்தச் சொல் தாள் கிழியும்படி அடிக்கப்பட்டிருந்தது. மேலே அதே கோணல் எழுத்து: ‘பறக்குறார்’.