மூன்று தொட்டில் பாக்கி

“பாண்டீஸ்வரி மூணு பிள்ளைய மதுரையில ஐஸ்பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்காளாம்ல!” வன்னியம்பட்டி பால் சொசைட்டி வரிசையில் பாலம்மாள் இதை அவிழ்த்துவிட்டாள். வரிசை நகர்ந்து முடிவதற்குள் பிள்ளைகள் ஐந்தாகி, அதில் ஒன்றுக்குச் சளி பிடித்திருப்பதாகவும் ஆகிவிட்டது.

விசாரித்துப் பார்த்தால், வதந்தியில் பாதி சரி. மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் பாண்டீஸ்வரியின் மூன்று கருக்கள் உறைந்து கிடக்கின்றன. சோதனைக் குழாயில் நாலு கரு தேறியதில் ஒன்றை வயிற்றில் வைத்தார்கள். அதுதான் இப்போது ஏழாம் வாய்ப்பாட்டோடு மல்லுக்கட்டும் மாரீஸ்வரி. மற்றவை முறை வருமென்று காத்திருந்தன. அதற்குள் கட்டி வந்து, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள்.

பாண்டீஸ்வரிக்கு அந்தக் குளிர் புதிதில்லை. மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக் கேனைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். அவள் வீட்டுக் கன்றுகள் எல்லாம் அந்தப் புகைக்குள்ளிருந்து வந்தவைதான். “ஆனா அது வெறும் வெத. இது மொளைச்சது” என்பாள். பால் கறக்கையில் முதல் பீச்சு மண்ணுக்கு, அடுத்தது பூனைக்கு, மிச்சம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு. ஒருத்தர் பங்கை இன்னொருத்தருக்கு மாற்றித் தர மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவளை மதுரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா போனில் பிடித்துக்கொண்டார். பத்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கச் சட்டமில்லை. அழிய விடலாம், இல்லையென்றால் கையெழுத்துப் போட்டு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல் எந்த உறுப்பாகவும் வளரும். முறிந்த தண்டுவடத்துக்குக்கூட ஒருநாள் வழி பிறக்கலாம். ஆனால் செல்லை எடுத்தபின் கரு மிஞ்சாது.

தண்டுவடம் என்ற சொல்லில்தான் அவள் சிக்கிக்கொண்டாள். தம்பி வல்லரசு பட்டாளத்துக்காரன். எல்லையில் ஒரு குண்டும் தொடாத ஆளை, லீவில் வந்தபோது இளநீர் பறிக்க ஏறிய வீட்டுத் தென்னை சாய்த்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் தொழுவத்தை ஒட்டிய கட்டிலில் கிடக்கிறான்.

“யக்கா, எனக்காவக் குடுக்காத. அவிய கண்டுபுடிச்சு முடிக்கதுக்குள்ள எனக்குத் தெவசமே குடுத்திருவ.”

“வாயக் கழுவுலே.”

“ஊசி முனை அம்புட்டுகூட இல்லங்காக. அதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கியே.”

“எம்மவ மட்டும் அன்னைக்கு யானை அம்புட்டா இருந்தா?”

“அப்பக் குடுக்காத.”

“குடுக்காட்டி அதுகளும் சும்மாதாம்லே போகும், யாருக்கும் ஒதவாம.”

இதற்கு மேல் ஒரு முடிச்சும் உண்டு. நாலு கரு தேறியிருக்கிறது என்று கேட்ட சந்தோஷத்தில், மாரியம்மன் முன்னால் நின்று, “அம்புட்டுக்கும் கரும்புத் தொட்டில் எடுக்கேன் தாயே” என்று மொத்தமாக நேர்ந்துவிட்டாள். சில்லறையாக நேர்ந்திருந்தால் இந்தப் பாடு இல்லை. மகளைக் கரும்பில் கட்டிய சேலைக்குள் கிடத்திக் கோயிலைச் சுற்றியதில் ஒரு தொட்டில் கழிந்தது. மிச்சத்துக்கு என்ன செய்ய என்று பூசாரியிடம் கேட்டாள்.

“தொட்டிலுக்குள்ள என்னத்தம்மா போடுவ?”

“அதத்தான சாமி நானும் கேக்கேன்.”

பூசாரி அவசரமாகத் திருநீற்றை நீட்டி அனுப்பிவைத்தார்.

நேற்றுக் காலை, கறந்துகொண்டிருக்கும்போது மறுபடியும் போன். பாண்டீஸ்வரி தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டாள்.

“ஆராய்ச்சிக்கே குடுத்திருதேன் டாக்டரம்மா. கையெழுத்துப் போட வாரேன். ஆனா செத்தப் பொறுக்கணும். அதுகளுக்கு ஒரு கடன் கெடக்கு. கரும்பு இன்னும் முத்தல.”

எதிர்முனையில் டாக்டரம்மா எந்தக் கரும்பு என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் பாண்டீஸ்வரி எழுந்து ஓடியிருந்தாள். தொழுவத்துக் கழிநீர் பாயும் ஓரத்தில் மூன்று தூர் கரும்பு முழங்கால் உயரம் நிற்கிறது. கயிற்றை அவிழ்த்துக்கொண்ட கன்றுக்குட்டி, கடைசித் தூரின் தோகையில் வாய் வைத்திருந்தது.

“ஏட்டி, அது ஒனக்கில்ல” என்று அதன் கழுத்தைக் கட்டி இழுத்துத் தள்ளிவிட்டு, சாய்ந்த தூரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, காலால் மண் அணைத்தாள்.