பாடாங் மேஹாவில் இறங்கி நடந்தவள்

காலை எட்டு மணிக்குப் பட்டர்வொர்த்திலிருந்து பைக்கில் கிளம்பினோம். ஜித்ராவில் என் மனைவி சாந்தியின் அக்கா வீடு. நெடுஞ்சாலையில் நேராகப் போயிருக்கலாம். எனக்குத்தான் தோட்டத்து வழி பிடிக்கும். கூலிமைத் தாண்டினால் இரு பக்கமும் செம்பனை மரங்கள், இரவு மழையின் ஈரம். பின்சீட்டில் சாந்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பாடாங் மேஹாவில் ஒரு பள்ளம். பைக் பின்பக்கம் தூக்கி அடித்தது. என் தோளைத் தட்டி நிறுத்தியவள், இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். போன வருடத்திலிருந்தே அவளுக்கு இடுப்பு வலி.

"திரும்பி வரும்போது நான் பஸ்ல வந்துக்கறேன். இனிமே பின்னால ஏற மாட்டேன். நீங்க தனியாவே சுத்துங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டு மெதுவாக உருட்டினேன்.

பத்து மணிக்குக் கோலா கெத்தில் ஊரை அடைந்தோம். ஏன் இப்படித் தூக்கி அடிக்கிறது என்று காட்டப் போனால், பைக் கடை மூடியிருந்தது. கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் ஓய்வுநாள் என்பது பக்கத்து மாநிலமான பினாங்குக்காரன் எனக்கு ஒவ்வொரு முறையும் மறந்துபோகும். கடைப் பலகையில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். பின்வீட்டிலிருந்து கைலியோடு வந்தார் கடைக்காரர் குமார் அண்ணன். சீட்டை நாலு தடவை அமுக்கினார், கிறீச்சென்றது. பைக்கை எப்படிக் கழுவுவேன் என்று கேட்டார். வாராவாரம் ஜெட் தண்ணீர்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அழுக்கோட கிரீஸையும் சேத்துக் கழுவிட்டீங்க லா" என்று சிரித்தார்.

சட்டத்துக்கு முட்டுக்கொடுத்துப் பின்சக்கரத்தைத் தூக்கினார். ஷாக் அப்சார்பருக்கு அடியில் இருக்கும் இணைப்பைக் கழற்றினால், பேரிங்குக்குள் கிரீஸே இல்லை, துருப்பொடிதான்; அதனால்தான் இறுகிப்போய்ப் பள்ளத்தில் தூக்கி அடித்திருக்கிறது. நல்லவேளை, உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் தேயவில்லை. டீசலில் கழுவித் துடைத்தார். அவற்றைத் திரும்ப அடுக்க அண்ணனின் தடித்த விரல்கள் தடுமாறின. சாந்தி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிரீஸில் ஒட்டி ஒட்டி, பூத்தொடுப்பதுபோல் ஒவ்வொன்றாக அடுக்கினாள். அண்ணன் அவற்றின்மேல் இன்னும் கிரீஸ் அப்பி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்துப் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கினார். வருடத்துக்கு ஒருமுறையாவது இதைப் பிரித்துக் கிரீஸ் வைக்க வேண்டும், ஜெட்டை அடிப்பக்கம் காட்டவே கூடாது என்றார்.

அவர் மனைவி வந்து கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, மனிதர் காலைப் பசியாறலைப் பாதியில் விட்டு எழுந்து வந்திருக்கிறார். எங்களையும் உட்காரவைத்துத் தோசை போட்டார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு இதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? நன்றி என்று சொன்னேன். அது போதவில்லை.

இரண்டரை மணிக்கு ஜித்ரா. மறுநாள் கிளம்பும்போது, தானே காடி ஓட்டிவந்து பட்டர்வொர்த்தில் விடுவதாகச் சாந்தியிடம் அவள் அக்கா சொன்னார். நான் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வேணாங்க்கா. பாடாங் மேஹா வழியாவே பைக்ல போறோம்" என்றாள். "போற வழியில அந்த அண்ணனுக்குச் சொல்லணும்ல, பைக் எங்கயும் தூக்கி அடிக்கலன்னு."