ஸ்கேல்காரரின் தாடை

பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களிடம் மூஞ்சியில் அடித்தாற்போல் பேசியே இருபத்திரண்டு வருஷம் கடை நடத்தியவர் இந்தப் போட்டோக்காரர். படம் கம்ப்யூட்டரில் வந்ததும், யாரும் கேட்காமலே திரைமேல் ஸ்கேலை வைப்பார். "உங்க மூக்கு இடது பக்கம் போகுது, பாத்தீங்களா?" என்பார். தெருவில் அவருக்கு ஸ்கேல் என்றே பெயர். அதையும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி வைத்துக்கொண்டார்.

பெற்ற மகளையும் விடவில்லை. பத்து வயதில், "உனக்கு இடது கண்ணு கொஞ்சம் கீழ இருக்கு" என்று அளந்து காட்டினார். அன்றோடு அவள் அப்பாவின் கேமரா முன்னால் நிற்பதை விட்டாள். பதினோரு வருஷம், நெற்றி முடியை அந்தக் கண்மேல் இழுத்து விட்டுக்கொண்டே வளர்ந்தாள். இப்போது வேலைக்காக வெளிநாடு போகிறாள். அதற்குள் ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளே அரித்தது. ஆனால் கேட்க வாய் வரவில்லை. ஊரான் மூக்கைப் பற்றிச் சொல்ல மட்டும் நன்றாக வரும்.

இந்த நேரத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கத் தன்னையே படமெடுத்தார். பழக்கதோஷத்தில் ஸ்கேலை வைத்தார். வலது தாடை புடைத்து, முகமே ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் இடம் வலம் மாறியே பார்த்துப் பழகியதில் இத்தனை நாள் தெரியவில்லை. மனுஷன் ஆடிப்போய்விட்டார். முகத்தை நேராக்கும் பட்டை என்று விற்ற ஒன்றை வாங்கி, ஒரு வாரம் கட்டிக்கொண்டு தூங்கினார். காது புண்ணானதுதான் மிச்சம்.

கடைசியில் பல் டாக்டரிடம் போனார். அந்த அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இடது பக்கம் உடைஞ்ச பல்லை இத்தனை வருஷமா அப்படியே வச்சிருக்கீங்க. வலது பக்கமே மென்னு மென்னு அங்க தசை தடிச்சிருச்சு. பல்லைச் சரி பண்ணிக்கிட்டு ரெண்டு பக்கமும் மெல்லுங்க. தாடைப் பயிற்சி சொல்லித் தரேன். கத்தியெல்லாம் வேண்டாம், மெதுவா குறையும். ஆனா முழுக்கச் சமமா ஆகாது. யாருக்குமே ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுங்க."

வீட்டுக்கு ஓட்டமாக வந்தார். மகள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரே சொல்லிட்டாங்கம்மா, எல்லாருக்கும் அப்படித்தானாம். வா, ஒரு படம் எடுத்துடலாம்."

"விசாவுக்கு எடுத்தாச்சுப்பா. அடுத்த தெரு கடையில."

படத்தை நீட்டினாள். அதில் முடியை ஒதுக்கிக் கிளிப் போட்டு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் கழித்து அந்த முகத்தை முழுசாகப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது, அது நிஜம்தான். ஆனால் கை அதுபாட்டுக்குச் சட்டைப் பையில் ஸ்கேலைத் தேடியது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெட்டியை மூடினாள்.