வகுப்பில் பெயர் இல்லாத பாவாயி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் யூனியன் ஆபீஸில் பம்பு ஃபிட்டர். ஊர் ஊராக போர் போட்டு அடிபம்பு நிறுத்திக்கொண்டிருந்தோம். நிறுத்துவது சுலபம், தொடர்ந்து ஓட வைப்பதுதான் பாடு. அதனால் ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, போல்ட் முறுக்கவும் செயினுக்கு கிரீஸ் வைக்கவும் பழக்கச் சொன்னார்கள். பழக்கும் வேலை எனக்கு வந்தது.

முதல் வகுப்பு ராசிபுரம் பக்கம் ஒரு சிற்றூரில். பிரசிடென்ட் தன் அக்கா மகன் செல்வராஜின் பெயரைக் கொடுத்தார். பம்பின் தலையைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் சொல்லிக்கொடுத்தேன். செல்வராஜும் நாலைந்து ஆண்களும் தலையாட்டினார்கள். பாவாயி என்ற பெண் காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க சார், இன்னும் எத்தன நேரமாகுமுங்க? சோறாக்கத் தண்ணியில்லீங்க."

"வகுப்பு நடக்குதும்மா. அக்கட்டால போய் நில்லு" என்றேன்.

அவள் போகவில்லை. கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, தண்ணீர் அடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த கோடையில் ஆபீஸுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. ஐந்தாவது வரை படித்த கை. எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. "கைப்பிடி லேசாக இறங்குது. தண்ணி வரலை. ரோட்டில் போன லாரிக்காரரிடம் ஸ்பேனர் வாங்கி மூடியைத் திறந்து பார்த்தோம். செயின் நல்லா இருக்கு. உள்ளே ராடு விட்டுப்போச்சு. பாவாயி."

நான் சிரித்தேன். செயினிலிருந்து போர் குழாய்க்குள்ளே ஆழத்துக்கு இறங்கும் இரும்புக் கம்பி, ராடு; அதைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? நட்டு லூசாகியிருக்கும் என்று நினைத்து, ஒரு ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

செல்வராஜ் ஊரில் இல்லை. லாரி லோடோடு வடக்கே போனவர், நாங்கள் கொடுத்த ஸ்பேனர் செட்டையும் கொண்டுபோயிருந்தார். நான் கைப்பிடியை அடித்தேன். காற்றில் கை வீசுவதுபோல் இருந்தது. மூடியைத் திறந்தேன். செயின் நன்றாக இருந்தது. ராடுதான் விட்டிருந்தது. குழாயையே மேலே தூக்க வேண்டும். அதற்கு வேனும் கிளாம்பும் நாலு ஆளும் வேண்டும்.

பாவாயி என் கையிலிருந்த கிரீஸ் டப்பாவைப் பார்த்தாள்.

"கார்டுல எழுதியிருந்தனுங்களே சார், படிக்கலீங்களா?"

"படிச்சேம்மா."

"படிச்சுப்போட்டுமா இதத் தூக்கிட்டு வந்தீங்க?"

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, வேனுக்குச் சொல்ல ஆபீஸுக்குத் திரும்பினேன். வேன் ஆத்தூர்ப் பக்கம் வேலையில் இருந்தது. அது வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. அதுவரை பெண்கள் ஒரு மைல் தள்ளியிருந்த தோட்டத்துக் கிணற்றில் இறங்கி மொண்டார்கள். மூன்றாம் நாள், பாவாயியின் பக்கத்து வீட்டு ராமாயி பாசிப் படியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். வேனோடு நான் போனபோது, கட்டுப்போட்ட கையோடு அவளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராடை இணைத்துத் தண்ணீர் வரவைத்ததும், பம்படிக்கு வந்திருந்த பிரசிடென்ட்டிடம் போனேன். "இனிமே பம்பைப் பாவாயி பாத்துக்கட்டுமுங்க" என்றேன்.

"பொம்பள ஸ்பேனர் புடிச்சா ஊரு சிரிக்குமுங்க."

பாவாயி குடத்தை இறக்கி வைத்தாள். "வெயில்ல ஒரு மைலு செமந்தமுங்களே, அப்ப ஆரும் சிரிக்கலீங்களே."

அவர் ராமாயியின் கையைப் பார்த்தார். பிறகு, "அவ பேரையே எழுதிக்குங்க" என்றார்.

அடுத்த ஊர் வகுப்புக்கு அவளையும் அழைத்துப் போனேன். நான் பாகங்களின் பெயரைச் சொல்லத் தொடங்கும் முன், அங்கிருந்த பெண்களைக் கூப்பிட்டு, "புடிச்சு அடிச்சுப் பாருங்கக்கா. நேத்து மாதிரியே இருக்குதா, கனமா இருக்குதா, லேசா இருக்குதா?" என்று கேட்டாள். ஒருத்தி யோசிக்காமல், "நாலு நாளா கனமுங்க" என்றாள். பார்த்தால், கைப்பிடி ஆடும் ஆக்சிலில் நட்டு இறுகிக் கிடந்தது.

அதன் பிறகு எந்த ஊரிலும் பிரசிடென்ட் கொடுக்கும் பட்டியலோடு வகுப்பை ஆரம்பித்ததில்லை. விடியற்காலையில் பம்படிக்குப் போய் நிற்பேன். யார் அடிக்கிறார்களோ, அவர்கள் பெயரைத்தான் முதலில் எழுதுவேன்.