நாலு டின் பட்டாணி

வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த டின் பட்டாணியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

அந்த முறை அவர் நோன்பு மாதத்தில் விடுமுறைக்கு வந்திருந்தார். பெட்டி நிறைய டின்கள், கூடவே ஒரு மின்தராசு. தன் சொந்தக்காரர்களை நோன்பு திறக்க அழைத்து, அங்கே அரபிகள் வீட்டில் ஆக்கும் பட்டாணிச் சோறு கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சமையல்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன அளவின்படி ஐந்தரைக் கப் பட்டாணி வேண்டும். உம்மா காலையிலேயே நாலு டின்னை உடைத்து, தண்ணீரை வடித்து, கப்பால் அளந்து சட்டியில் மூடிவைத்தார். வெறும் டின்கள் குப்பை வண்டியில் போய்விட்டன.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பாவுடன் பிறந்த ராத்தா, எங்கள் மாமி, உதவிக்கென்று வந்தார். வந்ததும் சட்டியைத் திறந்து பார்த்தார்.

"எத்தின டின் போட்ட?"

"நாலு. அஞ்சரைக் கப் அளந்து வெச்சிரிக்கன்," என்றார் உம்மா.

"டின்னுல நானூறு கிராம் எண்டு போட்டிரிக்கி. நாலு டின் ஒண்டரைக் கிலோக்கு மேல வரணுமே. இதில அவ்வளவு இரிக்கா?"

கால் கிலோ தண்ணீர் பிடிக்கும் கப்பில் பட்டாணியை நிரப்பினால் கால் கிலோ வராது. அது உம்மாவின் கைக்குத் தெரியும். வாயால் சொல்ல வரவில்லை. மாமி தராசைக் கொண்டுவரச் சொன்னார். நிறுத்தால் ஒரு கிலோகூட இல்லை.

மாமி வாப்பாவைப் பார்த்தார். முந்தின நாள் உம்மாவின் தங்கை சம்மாந்துறையிலிருந்து வந்துபோனது எல்லோருக்கும் தெரியும்.

வாப்பா மெதுவாகத்தான் கேட்டார். "தங்கச்சிக்கு ஒண்டு ரெண்டு குடுத்தியா? குடுத்திருந்தா சொல்லு, நான் ஏசமாட்டன்."

உம்மா எழுந்து போனார். பெட்டியை இழுத்துவந்து குசினிக்கு நடுவில் போட்டார். ஒரு டின்னை உடைத்து, வடித்து, தராசில் கொட்டினார். இருநூற்று நாற்பது. அடுத்த டின்னும் அதே. அதற்கடுத்ததும்.

"போதும், விளங்கிட்டு," என்றார் வாப்பா.

"இல்ல. நல்லாப் பாருங்க."

பெட்டி வெறுமையாகும்வரை உம்மா நிறுத்தவில்லை. டின் விளிம்பு விரலை வெட்டியதையும் பொருட்படுத்தவில்லை. இருந்த பாத்திரமெல்லாம் பட்டாணி. "தண்ணியையும் சேத்தா நிறுக்கிற, கள்ளனுகள்," என்று டின் கம்பனியை ஏசிக்கொண்டே மாமி முன்பக்கம் போய்விட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. உம்மாவுக்கு எப்படியாவது உதவ வேண்டும்போல் இருந்தது. வெறும் டின் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நானூறு கிராமுக்குக் கீழே, பொடி எழுத்தில், வடித்த பின் இருநூற்று நாற்பது என்று இருந்தது. கண்டுபிடித்த சந்தோசத்தில் வாப்பாவிடம் ஓடினேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. உம்மாவிடம் திரும்பினார்.

"இஞ்ச பாரு, இதிலயே போட்டிரிக்கி. நான்தான் கவனிக்கல்ல. நீ சொன்னது சரிதான்."

உம்மா விரலைச் சேலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டிரிக்காட்டி?"

உம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, நான் டின்னை அவர் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், அந்தப் பொடி எழுத்தை மறுபடியும் தொட்டுக் காட்டினேன்.