எல்லாம் கிழக்குப் பார்த்த வீடுகள்

போன மாதம், சாலை மறியல் நடந்த வாரத்தில் ஒரு நாள் காலை. எங்கள் வாசலுக்குப் பத்தடி தூரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “யாராச்சும் வாங்களேன்... வுழுந்துட்டேன்...”

அந்தப் பத்தடியைக் கடக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

கால் நன்றாகத்தான் இருக்கிறது. வழிதான் இல்லை.

எப்படி என்று புரிய வேண்டுமானால் எங்கள் நகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கரும்பு விளைந்த நிலம். மனை போட்டு விற்றவர் கெட்டிக்காரர். நோட்டீஸில் பெரிய எழுத்தில் ஒரே வரிதான் — ‘எல்லாம் கிழக்குப் பார்த்த மனைகள்!’

அதெப்படி முடியும்? தெரு என்றால் இரண்டு பக்கமும் வீடு இருக்கும். ஒரு பக்கம் கிழக்குப் பார்த்தால், எதிர்ப்பக்கம் மேற்குப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

ஆக வேண்டாம் என்று அவர் கண்டுபிடித்தார். ஒரு வரிசை வீடு, ஒரு தெரு. மறுபடி ஒரு வரிசை வீடு, ஒரு தெரு. இப்படி நான்கு வரிசை. பஸ்ஸில் சீட் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்... முன் சீட்டுக்காரரின் பிடரியைப் பார்த்தபடி.

மனைகள் பொரி மாதிரி விற்றுப்போயின. நானும் ஒன்று வாங்கினேன்.

என் வீடு மூன்றாவது தெருவில். கதவைத் திறந்தால் எதிரே இரண்டாவது தெரு வீடுகளின் முதுகு. வரிசையாகப் பாத்ரூம் சன்னல்கள், கழிவுநீர்க் குழாய்கள், பாட்டில் சில்லு பதித்த மதில். பின்பக்கம் கதவு வைத்தால் திருடன் வருவான் என்று ஒருவரும் வைக்கவில்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சந்தும் கிடையாது. சந்து விட்டால் மனை குறையுமே!

உண்மையைச் சொன்னால், எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. நான் கூச்சக்காரன். இந்தப் பத்தியில் உங்களுக்கு வாராவாரம் எழுத முடிகிறது என்றால், உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். வாசலில் நின்றால் ‘எங்கே கிளம்பிட்டீங்க’ என்று கேட்க எதிரே ஆள் இல்லை. ஆறு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் மறியல் வந்தது.

இடஒதுக்கீடு கேட்டு நடந்த அந்த மறியலைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. வெளியாட்கள் வந்து வீடு புகுந்து அடிக்கப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி. யார் அந்த வெளியாட்கள்? யாருக்கும் தெரியாது. ஆனாலும் தெருவுக்குத் தெரு காவல் போட்டார்கள். இரண்டாவது தெரு முனையில் ஒரு மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தி, தடியோடு ஐந்தாறு பேர்.

குரல் கேட்டதும் என் மனைவி சரசு ஓடினாள். ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறி, அந்தப் பாத்ரூம் சன்னலில் வாயை வைத்து, “அம்மா... இன்னா ஆச்சு?” என்றாள்.

“வழுக்கிட்டேன்மா. கால அசைக்க முடியல. தாழ்ப்பாள் எட்டல.”

“வூட்ல யாரும் இல்லியா?”

“புள்ள சேலத்துல கீறான். பஸ்ஸு ஏது?”

ஏறிக் குதிக்கலாமா என்று மதிலைப் பார்த்தேன். முந்தைய நாள்தான் புதிதாகச் சில்லு பதித்திருந்தார்கள், வதந்தியின் புண்ணியத்தில்.

“நின்னுக்கினே இருந்தா எப்டிங்க? சுத்திப் போய் வாசப்பக்கம் கூப்புடுங்க!” என்று சரசு விரட்டினாள்.

எங்கள் தெருவின் தென்கோடி வரை ஓடி, வெளிச்சாலையில் திரும்பி, இரண்டாவது தெருவுக்குள் நுழையப் போனேன். மாட்டு வண்டி.

“யோவ், நில்லு! யாரு நீ?” கேட்டவர் லாரி டிரைவர் தணிகாசலம். பெயர் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது மீசையும் தடியும்.

“நான்... மூணாவது தெரு.”

“மூணாவது தெருவா? பாத்ததே இல்லியே. டேய், நீங்க யாராச்சும் பாத்துகிறீங்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? பின் சீட்டுக்காரன் நான்.

“யாரு வூட்டுக்கு வந்த?”

“ஒரு அம்மா வுழுந்துட்டாங்க. உங்க தெருவுலதான்.”

“எந்த அம்மா? பேரு இன்னா?”

தெரியாது. ஆறு வருடமாக அந்த அம்மாள் எத்தனை மணிக்குக் குளிக்கிறார், எத்தனை செம்பு ஊற்றுகிறார் என்பது தெரியும். இருமினால் அடையாளம் தெரியும். பெயர் தெரியாது.

கூச்சக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பதில் தெரியாவிட்டால் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுவோம். “ஊதாக் கலர் பாத்ரூம் சன்னல்ங்க. ஒரு கண்ணாடி ஒடஞ்சிருக்கும். கழிவுக் குழாய் கொஞ்சம் கோணலா எறங்கும்...”

ஒருவர் சிரித்தார். “இன்னாய்யா இவன், வாசலக் கேட்டா குழாயச் சொல்றான்!”

தணிகாசலம் சிரிக்கவில்லை. “பின்பக்கச் சன்னல்லாம் நோட்டம் பாத்து வெச்சிகிறான். புரியுதா?” என் சட்டைக் காலர் அவர் கைக்குப் போய்விட்டது.

வேடிக்கை இல்லை. அந்த வாரத்தில் சந்தேகத்துக்கு அடி வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஒருத்தி ஈரத்தரையில் கிடக்கிறாள்.

“என்னை அப்புறம் அடிங்க. தெக்கேருந்து ஏழாவது வூடு. அத மட்டும் பாத்துடுங்க” என்றேன். என் வாழ்க்கையில் அந்நியரிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அதையும் இதையும் கேட்டு அரை மணி நேரத்தைப் போக்கிய பிறகு, காலரை விடாமலே கூட்டிப்போனார்கள். எண்ணினோம். ஏழாவது வீட்டுக் கதவைத் தட்டியதும், அரிசி மண்டி வைத்திருக்கும் காதர் பாயும் அவர் மனைவி மும்தாஜும் வந்தார்கள். இரண்டு பேருமே ஒரு அடியும் படாமல் நன்றாக நின்றார்கள்.

“இங்க யாரும் வுழலியே!” என்றார் பாய்.

தணிகாசலம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

எங்கே தப்பு? மூன்றாவது வீட்டுக்காரர் இரண்டு மனையைச் சேர்த்து ஒரே வீடாகக் கட்டியிருக்கிறார். முன்பக்கம் ஒரு வாசல். பின்பக்கம் இரண்டு பாத்ரூம். என் கணக்கில் இரண்டு வீடு, அவர்கள் கணக்கில் ஒன்று. என் ஏழு, அவர்களுக்கு ஆறு. நான் முதுகை எண்ணினேன், அவர்கள் முகத்தை எண்ணினார்கள். இது பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அப்போது தலை சுற்றியது, அவ்வளவுதான்.

காப்பாற்றியது சரசுவின் தொண்டை. திறந்திருந்த கதவு வழியே, வீட்டைக் கடந்து, கொல்லைப்பக்கத்தில் இருந்து அவள் குரல் வந்தது. “ரஞ்சிதம்மா, கண்ண மூடாதீங்க... எங்க வூட்டுக்காரரு வந்துக்கினே கீறாரு...”

இந்த முக்கால் மணி நேரத்தில் அவள் சன்னல் வழியாகப் பெயரைக் கேட்டுக்கொண்டாள்!

“அய்யய்யோ, நம்ம நர்ஸம்மா!” என்று மும்தாஜ் கொல்லைக்கு ஓடினார். பக்கத்து வீட்டுக் கொல்லைதான். நடுவில் இருந்தது இடுப்புயரச் சுவர். சேதி கேட்க எல்லோரும் வாசல் பக்கமே இருந்ததால் கொல்லையில் ஒரு காதும் இல்லை. “ஆம்பளைங்க யாரும் வராதீங்க, நான் கூப்புட்டப்புறம் வந்தா போதும்” என்று சொல்லிவிட்டு, துவைக்கும் கல்லில் கால் வைத்துச் சுவரைத் தாண்டினார். பாத்ரூமின் தகரக் கதவைக் கீலோடு பெயர்த்தார். தன் துப்பட்டாவைப் போர்த்திவிட்ட பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

முழங்காலுக்குக் கீழே நன்றாக வீங்கியிருந்தது. உடம்பு நடுங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி? மாட்டு வண்டியும் போகாது, சாலையில் மரம் கிடக்கிறது.

பாய் வீட்டு நாடாக் கட்டிலில் படுக்கவைத்து நான்கு பேர் தூக்கினோம். தலைமாட்டில் நானும் தணிகாசலமும். காலரைப் பிடித்த கை இப்போது கட்டில் காலைப் பிடித்திருந்தது.

வெட்டிப்போட்ட புளியமரத்தருகே கூட்டம். “எதுவும் போகக் கூடாதுங்க” என்று ஒருவர் கை நீட்டினார். “கட்டில்ல யாரு?”

“ரஞ்சிதம்மா. எங்க பக்கத்து வூடு. கால் ஒடஞ்சிருக்கு” என்றேன்.

அவ்வளவுதான். நாலைந்து பேர் வந்து கட்டிலை வாங்கி, தண்ணீர்க் குடத்தைக் கடத்துவது போல மரத்துக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் இறக்கினார்கள்.

“இப்ப மட்டும் பேரு கரெக்டா வருதே, சாரு!” என்று தணிகாசலம் என் காதருகே சொன்னார். கட்டிலில் இருந்த அம்மாள் அந்த வலியிலும் சிரித்துவிட்டார்.

எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கல்வராயன் மலையில் இருபது வருடம் நர்ஸாக இருந்தவர் என்பதெல்லாம் பிறகு நாங்கள் பார்க்கப் போனபோது அவரே சொன்னது. “மலையில ஒரு வூட்டுக்கும் இன்னொரு வூட்டுக்கும் நடுவுல ஒரு கம்பங்கொல்லையே கெடக்கும். ஆனா எல்லா வூட்டு வாசலும் ஒத்தையடிப் பாதையப் பாத்துக்கினு இருக்கும். ஒரு சத்தம் போட்டா மூணு வூட்டு ஆளு வந்துடும். இங்க பாருங்க, செவுத்துக்குச் செவுரு ஒட்டிக்கினு கீறோம்...”

நான் பத்தாவதோடு நின்றவன். நகரம் எப்படி அமைய வேண்டும் என்று பெரிய வார்த்தையில் சொல்லத் தெரியாது. ஆனால் ஒன்று தோன்றுகிறது. வீடு கட்டும்போது காற்று எந்தப் பக்கம் வரும், வெயில் எந்தப் பக்கம் விழும், அதிர்ஷ்டம் எந்தப் பக்கம் நுழையும் என்று எல்லாம் பார்க்கிறோம். மனிதர் எந்தப் பக்கமாக வருவார் என்று யாராவது பார்க்கிறோமா?

வெளியாள் வருவான் என்று தடியோடு காவல் இருந்தார்கள். வந்தது நான்!

பஸ் ஓட ஆரம்பித்ததும் மகன் சேலத்தில் இருந்து வந்தார். அம்மாவைக் கையோடு கூட்டிப்போக வந்தவர். இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்றார். அந்த அம்மாள் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அது. போக மாட்டேன் என்றார். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே பேச்சு முற்றியது.

“இங்க இருந்து இன்னா பண்ணுவ? மறுபடி வுழுந்தா?”

“வுழுந்தா வர்றதுக்கு ஆளு கீது. வழிதான் இல்ல. பின் செவுத்த இடிச்சி ஒரு கதவு வெச்சிக் குடு. நான் இருந்துக்கறேன்.”

“மேற்கால கதவு வெச்சா ஆவாதும்மா. மனை சாஸ்திரம்...”

“ஆறு வருஷமா கெழக்கால வாசல் இருந்துதே. வுழுந்தப்ப அந்தப் பக்கம் எவன்டா வந்தான்?”

மகன் என்னைப் பார்த்தார். நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன்.

போன வாரம் கொத்தனார் வந்தார். சில்லு பதித்த மதிலில் மூன்றடி இடித்து, ஒரு இரும்புக் கேட் வைத்தாயிற்று. நகரில் பாதிப் பேர் அது மனைக் குற்றம் என்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் பின்சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது காலையில் நான் கதவைத் திறந்தால், மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு முகம் நேர் எதிரே, “சாப்டாச்சிங்களா?” என்று கேட்கிறது.

பதில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்...