சாணக் குழியில் பூத்த நீலச் சுடர்

ஆனைக்குட்டம் பக்கத்தில் முதல் சாண எரிவாயுக் குழியை நானும் என் கணவரும் கட்டினோம். சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் அடுப்பெரிக்க வாயு தரும் என்று விவசாய அதிகாரி சொல்லியிருந்தார். சில வாரங்களில் உள்ளே வாயு சேர்ந்து குழியின் இரும்பு மூடி மேலெழுந்தது. ஆனால் அடுப்பில் காட்டிய தீக்குச்சி அணைந்துபோனது.

"சாணியில எங்கன மதினி தீ வரும்?" என்று நாத்தனார் சிரித்தாள். கணவர் குழியை மூடிவிடலாம் என்றார்.

"முதல்ல சேர்ந்தது எரியாத காத்தா இருக்கும். திறந்து விட்டுட்டு இன்னும் பத்து நாள் பாப்போங்க," என்றேன்.

குழாயைத் திறந்து அந்தக் காற்று முழுவதையும் வெளியேற்றினேன். பத்தாம் நாள் மூடி மறுபடி எழுந்தது. குச்சியைக் கிழித்ததும் புகையே இல்லாமல் நீலச் சுடர் வட்டமாகப் பூத்தது. அதில் போட்ட முதல் காப்பியை நாத்தனாருக்குத்தான் கொடுத்தேன்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு கட்டணும் மதினி," என்றாள்.